அழுகைப் படம் ஓடும் அறை

1

எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு பேர். தொலைக்காட்சியும் இரண்டு. வரவேற்பறையில் இருப்பது என்னுடையது. அதில் செய்தி ஓடும், காட்டையும் கடலையும் பற்றிய விவரணப் படங்கள் ஓடும். மகள் நிசாந்தி கல்யாணம் கட்டிப் போனபின் வெறுமையாகக் கிடந்த சின்ன அறையில் இருப்பது என் மனைவி புவனத்தினுடையது. பின்னேரமானால் புவனம் தேநீர்க் கோப்பையோடு அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பூட்டுவதில்லை, சாத்துவது மட்டும்தான். ஏதாவது சாட்டு வைத்துக்கொண்டு நான் கதவைத் தட்டினால் உள்ளே படம் நின்றுவிடும். "என்ன, சொல்லுங்கோ" என்று குரல் வரும். சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்காது. தபால் வந்திருக்கிறது என்பேன், அல்லது மழை வரப்போகிறது என்பேன்.

கெல்சென்கிர்ச்சனில் இந்த மாடிக்கு நாங்கள் குடிவந்து பல வருடங்களாகின்றன. கீழே ட்ராம் போகும் சத்தம் இப்போது எங்களுக்குக் கேட்பதுகூட இல்லை. ஆனால் அந்தச் சாத்திய கதவுக்குப் பின்னால் யாரோ ஒரு கதாநாயகி விம்மும் சத்தம் எனக்குத் துல்லியமாகக் கேட்கும்.

போன விடுமுறைக்கு லண்டனில் படிக்கும் பேத்தி, நிசாந்தியின் மகள் ஆரணி வந்திருந்தாள். அவள் கதவைத் தட்டவில்லை. திறந்துகொண்டு உள்ளே போனாள், படமும் நிற்கவில்லை. இரண்டு மணித்தியாலம் கழித்துக் கண்களும் மூக்கும் சிவந்து, வயிறாரச் சாப்பிட்டவள்போல ஒரு திருப்தியோடு வெளியே வந்தாள்.

என்ன படம் என்று கேட்டேன்.

"பேர் மறந்துபோனன் அம்மப்பா. ஆனா நல்ல வீப்பி."

அந்தச் சொல்லை நான் கேள்விப்பட்டதில்லை. அழுவதற்கென்றே பார்க்கிற படத்துக்கு அங்கே அப்படித்தான் சொல்வார்களாம். மழை பெய்கிற ஞாயிற்றுக்கிழமையில் தோழிகளெல்லாம் ஒரு போர்வைக்குள் இருந்து, கண் துடைக்கக் கடதாசிப் பெட்டியும் சொக்கிலேட்டும் வைத்துக்கொண்டு, இன்றைக்கு ஒரு வீப்பி போடுவோம் என்று சொல்லிவைத்துப் பார்ப்பார்களாம்.

"அது கேலியாச் சொல்லுறதோ?" என்று கேட்டேன்.

ஆரணி கொஞ்சம் யோசித்தாள். "கொஞ்சம் கேலி. கூடச் செல்லம்."

அந்தப் பதில் என்னை நித்திரை கொள்ளவிடவில்லை. ஜேர்மன்காரர் இப்படியான படத்தை ஷ்னுல்ட்ஸ என்பார்கள். அந்தச் சொல்லை வாயைக் கோணாமல் சொல்ல முடியாது. எங்களிடமும் அழுகைப் படம் என்று ஒரு சொல் இருந்தது. அதை அச்சில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். அதில் செல்லம் துளியும் இருக்கவில்லை.

2

பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்த காலத்தில் நான் திரைப்படக் கழகத்தில் இருந்தேன். வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரை வைத்துக்கொண்டு, வேட்டியை இழுத்துக் கட்டிய திரையில், ஒருவரும் அழாத படங்களைப் பார்த்தோம். பின்னர் யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தபோது ஒரு சிறு சஞ்சிகையில் "கண்ணீர்ச் செக்கு" என்ற தலைப்பில் கட்டுரை எழுதினேன். பிரிந்த தாய், காசநோய், கடைசிக் காட்சியில் கோயில் மணி, இவற்றைப் போட்டு ஆட்டிச் சனங்களின் கண்ணீரை எடுத்து விற்கிறார்கள் என்பது அதன் சாரம். நாலைந்து பேர் தெருவில் மறித்துப் பாராட்டினார்கள். புதிதாகக் கல்யாணம் முடித்திருந்த புவனமும் அதைப் படித்தாள். படித்துவிட்டு, "நீங்கள் ஒருநாளும் அழுறேல்லையோ?" என்று மட்டும் கேட்டாள். அதை நான் ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஜேர்மனிக்கு வந்தபின் பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. இயந்திரப் பட்டியில் வருகிற பாணில் உடைந்ததைப் பொறுக்கி எறிய வேண்டும். சினிமாவைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. என் விமர்சனத்துக்கு எஞ்சியது ஒரே ஒரு வாசகி, அவளும் என் மனைவி.

அப்போது எங்கள் ஆட்களில் வீடியோ டெக் வைத்திருந்த வீடு எங்களுடையது. கொப்பி என்று நாங்கள் சொல்லும் வீடியோ கசெற்றுகள் பாரிசில் இருந்தோ சுவிசில் இருந்தோ கைமாறிக் கைமாறி வரும். கொப்பியின் கொப்பி, அதன் கொப்பி. முகங்கள் பச்சையாக இருக்கும், குரல் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல வரும். சனிக்கிழமைப் பின்னேரங்களில் மூன்று நாலு வீட்டுப் பெண்கள் வடையும் ரோல்சும் சுட்டுக்கொண்டு வருவார்கள். யன்னல் சீலையை இழுத்து மூடிவிட்டு நிலத்தில் வட்டமாக இருந்து அழுவார்கள்.

நான் குசினி வாசலில் நின்று விமர்சனம் செய்வேன். இப்போது இருமுவாள், அடுத்தது இரத்தம், அதற்குப் பிறகு ஒரு பாட்டு என்று முன்கூட்டியே சொல்வேன். நான் சொன்னபடியே நடக்கும். நிலத்தில் இருந்து படம் கீறிக்கொண்டிருக்கும் நிசாந்தி கைகொட்டிச் சிரிப்பாள். அவள் சிரித்தால் எனக்கு இன்னும் உற்சாகம் வரும். பெண்களில் மூத்தவரான பக்கத்து வீதி அக்கா ஒருநாள் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"அண்ணை, நீங்கள் போய்த் தேத்தண்ணியை வையுங்கோ. நாங்கள் அழுது முடிச்சிட்டுக் கூப்பிடுறம்."

எல்லோரும் சிரித்தார்கள். புவனமும் சிரித்தாள். நான் தேநீர் வைக்கப் போனேன், ஆனால் பேச்சை நிறுத்தவில்லை.

அந்த அக்காவின் தம்பியை யாரோ கொண்டுபோய்ப் பல மாதங்களாகியும் தகவல் இல்லை. இன்னொரு பெண் தன் இரண்டு பிள்ளைகளையும் தாயிடம் விட்டுவிட்டு வந்தவள். இவையெல்லாம் எனக்குத் தெரியும். படத்தில் தாய் பிள்ளையைப் பிரிகிற காட்சியில் அவள் ஏன் எழுந்து குளியலறைக்குள் போகிறாள் என்று நான் யோசித்ததில்லை. மாணவர்களுக்குச் சூத்திரத்தை நிறுவிக் காட்டியவன், கண்ணுக்கு முன்னால் இருந்ததைக் காணவில்லை.

3

எங்கள் அகதி விண்ணப்பம் தீராமல் இருந்த காலத்தில்தான் புவனத்தின் தாய், என் மாமி, ஊரில் காலமானார். செய்தி கொழும்பு வழியாகத் தொலைபேசியில் வந்து சேர்ந்தபோது சுடலைக் கிரியைகளெல்லாம் முடிந்திருந்தன. எட்டாம் நாள் கிரியைக்காவது போக வேண்டும் என்று புவனம் சொன்னாள். நான் வெளிநாட்டவர் அலுவலகத்தில் சந்திப்புக்குத் தெர்மீன் எடுத்துப் போனேன்.

அங்கே இருந்த பெண் அதிகாரியிடம் என் மாமி காலமாகிவிட்டார் என்று சொல்வதற்குப் பதிலாக, பால் பழுதாகிப்போனால் சொல்கிற சொல்லைச் சொல்லிவிட்டேன். ஜேர்மன் மொழியில் இரண்டும் கிட்டக் கிட்ட ஒலிக்கும். சொன்ன பிறகுதான் பிழை எனக்கே உறைத்தது. அந்தப் பெண் சிரிக்கவில்லை. பேனையை மூடிவைத்துவிட்டு, தன் அனுதாபத்தைத் தெரிவித்தாள். அதன்பிறகு விளக்கம் சொன்னாள். இந்த மாவட்டத்தைவிட்டு வெளியே போகவே அனுமதி கேட்டு அன்ட்ராக் போட வேண்டும். எந்த நாட்டுக்குப் பயந்து ஓடிவந்தீர்களோ அந்த நாட்டுக்கே திரும்பிப் போனால் விண்ணப்பம் அத்தோடு முடிந்துவிடும்.

வெளியே ட்ராம் தரிப்பில் பிள்ளையோடு நின்ற புவனத்திடம் "ஏலாதாம்" என்றேன். அவள் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து சமைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம் இருக்கிற மாடிவீட்டில் தாய்க்காக வாய்விட்டு அழ வழியில்லை.

சில மாதங்கள் கழித்துச் செத்தவீட்டுக் கொப்பி வந்தது. அந்தக் காலத்தில் வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் மரணம் நடந்தால் கமராக்காரனைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் எடுத்து அனுப்புவார்கள். புவனத்தின் தங்கை விமலாதான் அந்த ஏற்பாட்டைச் செய்தவள். "கொப்பி வந்திருக்கு, நீங்களும் பாக்கிறீங்களோ?" என்று புவனம் கேட்டாள். செத்தவீட்டைப் படமெடுத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்காத விடயம், பிறகு பார்க்கிறேன் என்றேன். அவள் இரண்டாந்தரம் கேட்கவில்லை.

கொப்பி எப்படி வந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. பின்னர்தான் தெரிந்தது. வழியெல்லாம் சோதனைச் சாவடிகள். யாழ்ப்பாணத்தில் எடுத்த படம் என்றால் பறித்துவிடுவார்கள் என்று கொண்டுவந்தவர் பயந்திருக்கிறார். அதனால் விமலா முதல் அரைமணி நேரத்துக்கு ஓர் அழுகைப் படத்தைப் பதிந்து, அதற்குப் பின்னால் செத்தவீட்டைப் பதிவித்திருக்கிறாள். மேலே ஒட்டியிருந்ததும் அந்தப் படத்தின் பெயர்தான்.

புவனம் அதை அடிக்கடி போட்டாள். சனிக்கிழமைகளில் நான் வேலைக்குப் புறப்படுகிற நேரத்தில் பெண்களோடும், மற்ற நாட்களில் தனியாகவும். நேரே செத்தவீட்டுக்கு ஓடவிட மாட்டாள், படத்தின் தொடக்கத்தில் இருந்தே பார்ப்பாள். வேலைக்குப் போகும்போது எட்டிப் பார்த்தால் கதாநாயகி ஒரு புகையிரத நிலையத்தில் பெட்டியோடு நிற்பாள், புவனத்தின் கண் கலங்கியிருக்கும். "இவள் இன்னும் ரெயில் ஏறேல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போவேன்.

ஊரில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பிரேதம் வீட்டைவிட்டுப் போகும்போது வாசல் படலையோடு நின்றுவிடுவார்கள். கமரா நிற்காது, அது ஆண்களோடு சுடலைக்கும் போகும். ஆகவே எங்கள் பெண்களில் முதன்முதலாகச் சுடலைவரை போனவர்கள் வெளிநாடுகளில் கொப்பி பார்த்த பெண்கள்தான். நான் பாண் பொறுக்கிக்கொண்டிருந்த நேரங்களில் புவனம் தன் தாயைச் சுடலைவரை கொண்டுபோய்விட்டு, திரும்பி வந்து, எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

அந்த நாட்களில் நிசாந்தியின் பள்ளியில் கிரகங்களைப் பற்றிப் படிப்பித்தார்கள். தொலைக்காட்சியில் அதைப் பற்றி ஒரு நல்ல நிகழ்ச்சி வரப்போவதாகப் பத்திரிகையில் கண்டேன். பதிவதற்கு வெற்றுக் கொப்பி இருக்கவில்லை. தட்டில் இருந்த அழுகைப் படங்களில் ஒன்றை எடுத்தேன். அடிக்கடி பார்த்த படம்தானே, ஒன்று குறைந்தால் வீட்டுக்கு நல்லது என்று நினைத்தேன். கொப்பியின் ஓரத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. இதில் யாரோ அதைக் கவனமாக உடைத்துவைத்திருந்தார்கள். எனக்கு அந்தத் தந்திரமும் தெரியும். ஓட்டையின்மேல் ஒட்டுநாடாவை ஒட்டினேன். அது பதிந்தது.

அடுத்த சனிக்கிழமை பெண்கள் வந்து இருந்தார்கள். புவனம் கொப்பியைப் போட்டாள். கறுப்பு வானத்தில் வளையத்தோடு சனிக்கிரகம் மெல்லச் சுழன்றது. ஒருவர் ஆறுதலான ஜேர்மன் மொழியில் விளக்கம் சொன்னார். பெண்களின் முகங்களைப் பார்க்க எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. குசினி வாசலில் இருந்து சத்தமாகச் சிரித்தேன்.

"இண்டைக்குச் சனியனைப் பாத்து அழுங்கோ" என்றேன்.

நிசாந்தியும் விழுந்து விழுந்து சிரித்தாள். புவனம் படத்தை முன்னுக்கு ஓட்டினாள். வியாழன் வந்தது, செவ்வாய் வந்தது. இன்னும் ஓட்டினாள். பிறகு கொப்பியை வெளியே எடுத்து, ஓரத்தில் ஒட்டியிருந்த நாடாவைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள். எழுந்து குளியலறைக்குள் போய்விட்டாள். அக்காதான் எனக்குச் சொன்னார்.

"அண்ணை, அது அவவின்ர அம்மா."

4

அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன் என்று பல வருடங்களாக எனக்கே சொல்லிவந்தேன். தெரியாமல் நடந்துபோச்சு என்று அன்றிரவு சொன்னேன். "ஓம்" என்றாள். சனிக்கிழமைக் கூட்டம் நின்றது. நாங்கள் இந்த மாடிக்கு வந்து, பிறகு நிசாந்தியும் போனபின், புவனம் சின்ன அறைக்குத் தனியாக ஒரு தொலைக்காட்சி வேண்டும் என்றாள். அன்று தொடக்கம் அவள் என் முன்னால் அழுததில்லை. எனக்கு நெஞ்சு வெட்டித் தைத்தபோதும் அழவில்லை. சண்டை முடிந்த வருடத்தில் ஒவ்வொரு வீட்டிலும் தொலைபேசி அடித்தபோதும் என் முன்னால் அழவில்லை.

அந்தக் கொப்பிக்காக நான் அலைந்தேன். புவனத்துக்குத் தெரியாது. விமலாவிடம் கேட்டேன். கமராக்காரனின் கடை இடப்பெயர்வில் முற்றாக அழிந்துவிட்டது, வேறு பிரதி கிடையாது என்றாள். கனடாவில் இருக்கும் தூரத்து உறவினரிடம் கேட்டேன், பாரிசில் ஒருவரிடம் கேட்டேன். யாரிடமாவது ஒன்று இருந்தால் அதைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் பேசத் தொடங்கலாம் என்று நினைத்தேன். கிடைக்கவில்லை. கிடைக்காததால் பேசவும் இல்லை.

நிசாந்தி வால்டோர்ஃபில் மென்பொருள் வேலையில் இருக்கிறாள். கெட்டிக்காரி. ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள், பாதி ஜேர்மன், பாதி தமிழ். "அம்மா எங்கே, ஷ்னுல்ட்ஸ பாக்கிறாவோ?" என்று கேட்பாள். அந்தச் சிரிப்பு என்னுடையது. என் மூக்கையும் கணிதத்தையும்போல அதையும் என்னிடம் இருந்துதான் எடுத்தாள். தாயோடு அவள் பேசுவது மருந்து, சாப்பாடு, காலநிலை. அதற்கு அப்பால் போவதற்கு அவர்களுக்கிடையில் வழி இருந்ததில்லை.

புலம்பெயர்ந்தவன் எதற்கு ஏங்குகிறான் என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பார்கள். பலர் பலதும் சொல்வார்கள். நான் உண்மையைச் சொல்கிறேன். ஊருக்கு நான் இரண்டுமுறை போய் வந்துவிட்டேன். என் வீட்டில் இருக்கும் அந்தச் சின்ன அறைக்குள் போகத்தான் எனக்கு வழி தெரியவில்லை.

5

இந்த மே மாதம் விமலா காலமானாள். புவனத்துக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை முடிந்து ஊன்றுகோலோடு நடமாடத் தொடங்கிய நேரம். இன்று எங்களிடம் கடவுச்சீட்டு இருக்கிறது, எவரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் விமானத்தில் இருக்கவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். நான்தான் புவனத்திடம் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. முன்பு சொன்ன அதே சொல்லைத்தான் சொன்னேன். அவளும் முன்புபோலத் தலையாட்டினாள்.

அன்று பின்னேரம் நிசாந்தி என்னுடைய தொலைபேசிக்கு எடுத்தாள். சனிக்கிழமைதான் தன்னால் வர முடியும் என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மா அழுதவவோ?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். 

"நான் ஒருநாளும் அம்மா அழுது காணேல்லை அப்பா. வந்து என்ன செய்யிறதெண்டு எனக்கு விளங்கேல்லை."

அவள் கண்டிருக்கிறாள். சிறுவயதில் ஒவ்வொரு சனிக்கிழமையும் கண்டிருக்கிறாள். அதை அழுகை என்று கணக்கெடுக்காமல்விட அவளுக்குப் பழக்கியவன் நான்.

இப்போதெல்லாம் செத்தவீடு நேரலையில் வருகிறது. விமலாவின் மகன் ஒரு படப்பிடிப்பு நிறுவனத்தைப் பிடித்து இணைப்பை அனுப்பியிருந்தான். ஊரில் காலைக் கிரியை தொடங்கும்போது இங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. சின்ன அறையின் தொலைக்காட்சியில் அதை வரச்செய்துவிட்டு நான் வெளியே வந்தேன். புவனம் ஊன்றுகோலைக் கட்டிலில் சாய்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

நான் வரவேற்பறையில் இருந்து என் கைத்தொலைபேசியில் அதே இணைப்பைத் திறந்தேன். ஒரே செத்தவீட்டை ஒரே வீட்டுக்குள் இரண்டு அறைகளில் இருந்து பார்த்தோம்.

தொடக்கத்தில் திரை முழுக்கப் பூக்கள் மிதந்து வந்தன. விமலாவின் படம் அவற்றுக்கு நடுவில் மெல்லப் பெரிதாகியது. உண்மையாகவே அழுகிறவர்களின் சத்தத்துக்கு மேலே ஒரு வயலின் இழைத்தது. மேலே பறக்கிற கமரா கூரையையும் பந்தலையும் சுற்றிக் காட்டியது. என் மூளை பழைய கட்டுரையின் வசனங்களைத் தானாகவே எடுத்துக் கொடுத்தது. எழுபது வயது கடந்த பின்னும் அந்த வசனங்கள் அப்படியே இருந்தன.

என் தொலைபேசிக்குப் படம் சில வினாடிகள் முந்தி வந்துகொண்டிருந்தது. யாரோ "ஐயோ" என்று அழைப்பது என் கையில் கேட்கும். பிறகு அதே "ஐயோ" கதவுக்குப் பின்னால் இருந்து வரும். தேவாரம் என் கையில் முடிந்தபின் அறைக்குள் முடியும். இதற்குக் காது பழகிவிட்டது.

கமரா விமலாவின் முகத்துக்குக் கிட்டப் போய் நின்றது. புவனத்தின் அதே நெற்றி. வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக என்று அங்கே ஒருவர் சொல்லி, முகத்தில் கிடந்த பூவை விலக்கிவிட்டார். அப்போது அறைக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் கையில் முந்தி வராத சத்தம்.

நான் எழுந்து கதவடிக்குப் போனேன். தட்டக் கையைத் தூக்கினேன். தட்டினால் அவள் நிறுத்துவாள், எனக்காக அழுகையை நிறுத்துவாள். ஆகவே தட்டாமல் திறந்தேன்.

புவனம் கட்டிலில் இருந்தாள். முகம் முழுக்க நனைந்திருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. என்னைப் பார்த்து, "என்ன?" என்றாள்.

"நானும் பாக்கட்டோ?"

அவள் திரும்பவும் திரையைப் பார்த்தாள். நான் கதவைப் பிடித்தபடி நின்றேன்.

"பாக்கிறதெண்டா இருங்கோ" என்றாள். "கதைக்கக் கூடாது."

கட்டில் ஓரத்தில் இருந்தேன். கதைக்கவில்லை. திருப்பொற்சுண்ணம் பாடினார்கள். சுண்ணம் இடித்து வாய்க்கரிசி போட்டார்கள். புவனம் தங்கையின் பெயரைச் சொல்லி, சின்னவயதில் கூப்பிட்ட பெயரையும் சொல்லி, வாய்விட்டு அழுதாள். அவளுடைய அந்தக் குரல் எனக்கு மறந்தேபோயிருந்தது. பிரேதம் படலையைத் தாண்டியது. ஊர்ப் பெண்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். நாங்கள் நிற்கவில்லை, சுடலைவரை போனோம்.

6

எல்லாம் முடிந்து திரையில் வெறும் பூக்கள் நின்றன. வெளியே காலை வேலைக்குப் போகிறவர்களின் ட்ராம்கள் போய்க்கொண்டிருந்தன. இனிமேலும் சொல்லாவிட்டால் என்றைக்கும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது.

"புவனம், அந்தக் கொப்பி" என்றேன். "நான் அதைத் தேடினனான். கனபேரிட்டக் கேட்டனான். கிடைக்கேல்லை. நான் செய்தது பெரிய பிழை."

அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். நான் எதைப் பற்றிச் சொல்கிறேன் என்று அவள் கேட்கவில்லை.

"அதில அம்மாவின்ர முகமே வடிவாத் தெரியாது. கரண்ட் இல்லாத நேரம், ஒரே இருட்டு. நான் கனதரம் பாத்தபடியால் எனக்குப் பாடம். கண்ணை மூடினா அப்பிடியே ஓடும். அதை நீர் அழிச்சிட்டீர் எண்டு நான் நினைக்கேல்லை."

கல்யாணம் கட்டிய நாளில் இருந்து என்னை நீர் என்று அவள் சொன்னதில்லை. மரியாதையில் நீங்களுக்கு ஒரு படி கீழே, அவளை நான் அழைக்கும் சொல் அது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"அப்ப என்ன?" என்றேன்.

"நீர் சிரிச்சீர். பிள்ளையும் உம்மைப் பாத்துச் சிரிச்சாள்."

ஒட்டுநாடாவை ஒட்டிய விரலைப் பற்றித்தான் நான் இத்தனை காலமும் வருந்திக்கொண்டிருந்தேன். தேடி எடுத்துக் கொடுத்துவிடக் கூடிய ஒரு பொருளைப் பற்றி வருந்துவது எனக்கு இலகுவாக இருந்திருக்கிறது. அந்தச் சிரிப்புக்குப் பிரதி எடுத்துக் கொடுக்க எங்கே போவேன்?  மன்னித்துக்கொள்ளும் என்றேன். அவள் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கால் மரத்துப்போய்விட்டது, கொஞ்சம் தள்ளி இருங்கோ என்றாள். பழையபடி நீங்கள் ஆகிவிட்டேன்.

அப்போது என் தொலைபேசி அடித்தது. நிசாந்தி. வேலைக்குப் புறப்படுகிற நேரம். செத்தவீடு முடிந்துவிட்டதா என்று கேட்டாள். முடிந்துவிட்டது என்றேன்.

"நான் பாக்கேல்லை அப்பா. இணைப்பைத் திறந்தன், சித்தியின்ர படம் வந்தது. தனியப் பாக்க ஏலாமப் போச்சு, மூடிட்டன்." பிறகு, "அம்மா எங்கே?" என்றாள்.

"பக்கத்தில இருக்கிறா. அழுகிறா."

 மறுபக்கத்தில் அவளும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அவள் ஜேர்மன் மொழியில், நான் வைக்கட்டுமா, பிறகு எடுக்கட்டுமா என்று கேட்டாள். நான் புவனத்தைப் பார்த்தேன். அவள் கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினாள்.

"வையாதை பிள்ளை" என்றாள். "வேலைக்குப் பிந்திப் போகேலுமோ? அப்பிடியெண்டா கொம்பியூட்டரைப் போடு. நாங்களும் முதலில இருந்து போடுறம். மூண்டு பேருமாப் பாப்பம்."

எனக்கு அதை முதலுக்குக் கொண்டுவரத் தெரியும். கொண்டுவந்து, பூக்கள் மிதக்கத் தொடங்குகிற இடத்தில் நிறுத்திவைத்தேன். புவனம் தொலைபேசியைச் சத்தம் வெளியே கேட்கும்படி கட்டிலில் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். வால்டோர்ஃபில் ஒரு கதிரை இழுபட்டது. கடவுச்சொல்லைப் பிழையாக அடித்துவிட்டதாக நிசாந்தி சொன்னாள். ஆறுதலாக அடி, நாங்கள் எங்கேயும் போகவில்லை என்று புவனம் சொன்னாள். நான் ஒன்றும் கதைக்காமல், பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, மகள் சொல்லும்வரை காத்திருந்தேன்.